ஜன்னலைத் திறந்து வைத்து உறங்குவது துரோகமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 69. என் கணவர் காலமாகி மூன்றாவது ஆண்டு நடக்கிறது. முதல் ஆண்டில் பட்ட துயரத்தைப் பற்றி எழுத நான் வரவில்லை. அதை எப்படியோ கடந்துவிட்டேன். இப்போது என்னை உறுத்துவது, துயரம் இல்லாமல் கழிகிற நேரங்கள்தான்.

அவருக்கு ஆஸ்துமா இருந்தது. இரவுக் காற்று பட்டால் மூச்சு இரைக்கும் என்பதால் எங்கள் படுக்கையறை ஜன்னல் ஆண்டு முழுவதும் மூடியே இருக்கும். காற்று வராத அறையில் எனக்கு நல்ல உறக்கம் வராது என்றாலும், மணமான புதிதிலேயே அதற்குப் பழகிக்கொண்டேன். சென்ற ஆண்டு ஓர் இரவு புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன். அப்படியொரு உறக்கத்தை நான் இளம் வயதுக்குப் பிறகு அறிந்ததே இல்லை. காலையில் விழித்தபோது மனம் நிறைந்திருந்தது. அடுத்த கணமே, ‘அவர் போனதால் அல்லவா எனக்கு இந்தக் காற்று கிடைத்தது’ என்ற எண்ணம் வந்து நெஞ்சை அடைத்துவிட்டது. அன்று முதல் சில இரவுகளில் ஜன்னலைத் திறக்கிறேன், சில இரவுகளில் மனம் கேட்காமல் எழுந்துபோய் மூடிவிடுகிறேன்.

இதுபோல் இன்னும் சில. நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் அவருடைய சொத்து. எழுதுகோலை என்னிடம் தரவே மாட்டார். இப்போது நானே அதை நிரப்புகிறேன், முழுவதும் முடிந்துவிட்டால் சிறுமியைப் போல மகிழ்கிறேன். வங்கி வேலைகளை எல்லாம் அவரே பார்த்ததால் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது. கைபேசியிலேயே அவற்றைச் செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் முறை பிழையின்றிப் பணம் அனுப்பியதும் அடுத்த அறையை நோக்கி, ‘பாருங்களேன்’ என்று கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை வந்து ஏதாவது பேசினால் வாய்விட்டுச் சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும், யாராவது பார்த்திருப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

மாலை நேரத்தில் அவருடைய நாற்காலிக்கு எதிரில் அமர்ந்து அன்றைக்கு நடந்தவற்றை அவரிடம் சொல்வேன். சில நாள்களில் விடியற்காலையில் அவருடைய இருமல் காதில் கேட்கும். நான் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் என் மகள் கேட்டுவிட்டாள். பயந்துபோய், ‘அம்மா, நீங்கள் இந்த வீட்டில் தனியாக இருக்கக்கூடாது, அப்பாவின் உடைகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள்’ என்கிறாள். அவள் அன்பால்தான் சொல்கிறாள் என்று தெரியும். ஆனால் என் மனநிலையையே சந்தேகிப்பது போல அவள் பார்ப்பது வலிக்கிறது.

நான் கேட்க நினைப்பது இதுதான். இறந்தவரோடு பேசுவது மனக்கோளாறா? அவர் இல்லாத வீட்டில் எனக்கு மகிழ்ச்சி வருவது அவருக்குச் செய்யும் துரோகமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய குரல் என் நினைவிலிருந்து சிறிது சிறிதாகத் தேய்ந்து வருகிறது. நான் மகிழ்ச்சியாக இருக்க இருக்க அது இன்னும் விரைவாகத் தேய்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், மற்ற இரண்டுக்கும் வேர் நடுவில் இருக்கும் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘அவர் போனதால்தான் இந்தக் காற்று கிடைத்தது’ என்று உங்கள் மனம் போட்ட கணக்கை நிதானமாகப் பாருங்கள். அவருடைய மரணத்துக்குப் பிறகு ஜன்னல் திறந்தது என்பது உண்மை. அதைக் கொண்டு, அவருடைய மரணத்தை நீங்கள் ஒரு விலையாகக் கொடுத்து இந்தக் காற்றை வாங்கினீர்கள் என்று ஆகிவிடாது. அப்படி ஒரு பேரம் உங்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவருடைய மூச்சுக்காக இத்தனை ஆண்டுகள் மூடிய அறையில் உறங்கினீர்கள். அந்த அன்பு செய்து முடிக்கப்பட்டது, இனி யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இப்போது அந்த அறையில் ஆஸ்துமா உள்ளவர் யாரும் இல்லை. உங்கள் உடலுக்குக் காற்று வேண்டியிருக்கிறது. ஆகவே தயங்காமல் திறந்து வையுங்கள்.

சிரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள், துணையை இழந்து சில மாதங்களே ஆனவர்கள் தம் துணையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மாற்றங்களைக் கவனித்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பேச்சின் நடுவே உண்மையாகச் சிரித்தவர்களிடம் மன வேதனை குறைவாகவே காணப்பட்டது. மற்றவர்களோடு அவர்களுடைய உறவும் மேம்பட்டதாக இருந்தது. மறந்துவிட்டதால் வந்த சிரிப்பு அன்று அது. இறந்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்த சிரிப்பு. துயரமும் மகிழ்ச்சியும் ஒரே மனத்தில், ஒரே மணி நேரத்தில் கூடியிருக்க முடியும் என்பதை நாங்கள் ஆலோசனை அறையில் அடிக்கடி காண்கிறோம். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் வகுத்த கோட்பாடும் இதையே விளக்குகிறது. இழப்பை நோக்கித் திரும்புவது ஒரு பக்கம், அன்றாட வாழ்க்கையைப் புதிதாக அமைத்துக்கொள்வது மறுபக்கம். துயரப்படுபவர் இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் சென்று வருவதுதான் இயல்பான நலம். ஜன்னலைச் சில இரவுகள் திறப்பதும் சில இரவுகள் மூடுவதுமாக நீங்கள் இருப்பதை நான் குழப்பமாகக் கருதவில்லை. இந்தப் போக்குவரத்தை உங்கள் மனம் தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

இறந்தவரோடு பேசுவது மனக்கோளாறு அன்று. 1971இல் டெவி ரீஸ் என்னும் வேல்ஸ் நாட்டுக் குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரை நேரில் கண்டு பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்த துணையை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். பலருக்குத் துணை அருகில் இருப்பதாகத் தோன்றியது. சிலருக்குக் குரல் கேட்டது, சிலருக்கு உருவம் தெரிந்தது, சிலர் துணையோடு பேசினார்கள். அந்த அனுபவம் தமக்கு ஆறுதலாகவே இருந்தது என்று பெரும்பாலானோர் கூறினார்கள். ஆனாலும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானோர் அதுவரை அதை எவரிடமும் வெளியிட்டதில்லை. தம்மைப் பித்துப் பிடித்தவர் என்று உலகம் சொல்லிவிடுமோ என்று உங்களைப் போலவே எத்தனை பேர் வாய்மூடி இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘பாருங்களேன்’ என்று அடுத்த அறையை நோக்கி நீங்கள் அழைத்தது, அத்தனை ஆண்டு வழக்கம் உடலில் பதிந்திருப்பதால் வந்த அழைப்பு.

மருத்துவ நோக்கில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். அறிமுகமில்லாத மனிதர்கள் தெரிந்தாலோ, குரல் உங்களுக்குக் கட்டளையிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கிறார் என்றே நம்பிச் சிறிது நேரம் நடந்துகொண்டாலோ, நாள், இடம் குறித்துத் தடுமாற்றம் ஏற்பட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். செவித்திறன் குறையும்போது இல்லாத ஒலிகள் கேட்பது உண்டு என்பதால், உங்கள் வயதில் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்வதும் நல்லது. விடியற்காலையில் அரைத் தூக்கத்தில் கேட்கும் இருமலைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டாம்.

இனி அந்தக் குரல். மகிழ்ந்தால் நினைவு தேயும் என்ற அச்சத்துக்குப் பின்னால், பிரிவின் வலிதான் நம்மை இறந்தவரோடு கட்டி வைத்திருக்கிறது, வலி தளர்ந்தால் கட்டும் அவிழ்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. உளவியலே ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணியது. இறந்தவரிடமிருந்து மனப்பற்றைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துயரத்தின் வேலை என்று சிக்மண்ட் பிராய்ட் 1917இல் எழுதினார். 1920இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தன் மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இழந்தவருக்கு ஈடாக எதுவும் வந்து அமையாது, அப்படி இருப்பதே முறை, நாம் கைவிட விரும்பாத அன்பைத் தொடர்வதற்கு அதுதான் வழி என்ற பொருளில் அவரே எழுதினார். டென்னிஸ் கிளாஸ், பிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்த பிறகு, இறந்தவரோடான உறவு முறிவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்பதை ஆலோசகர்கள் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவரை நினைவில் வைத்திருக்க நீங்கள் துன்பப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

குரலுக்காகச் செய்யக்கூடியவை உண்டு. குடும்ப நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகள், உறவினர் கைபேசிகளில் தங்கிவிட்ட குரல் செய்திகள் ஆகியவற்றை உங்கள் பிள்ளைகளைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். கிடைப்பவற்றைப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஒரு குறிப்பேடு எடுத்து, அவர் வழக்கமாகச் சொன்ன சொற்களை, எந்த வார்த்தையை இழுத்துப் பேசுவார், கோபம் வந்தால் எப்படித் தொடங்குவார் என்பதை எல்லாம் எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டில் அவருடைய குறைகளுக்கும் இடம் கொடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுகோலை உங்களிடம் தராத பிடிவாதத்தைப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள்; கடிதம் முழுவதிலும் அவரை நான் நேரில் பார்த்தது போல உணர்ந்த இடம் அதுதான். குறையே இல்லாதவராக ஒருவரை நினைவில் நிறுத்திவிட்டால், அவர் முன்னால் சிரிப்பதற்குக்கூட அச்சமாகிவிடுகிறது. உங்களோடு வாழ்ந்த மனிதர் பிடிவாதம் உள்ளவர், நீங்கள் புதிரை முடித்ததைக் கண்டால் ஒரு சொல்லையாவது திருத்தப் பார்த்திருப்பார். அவரையே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாக எழுப்பாத ஒன்று என்னை அதிகம் தொட்டது. பணம் அனுப்பக் கற்றுக்கொண்ட செய்தியைச் சொல்ல அடுத்த அறையில் ஆள் இல்லை. துணையை இழப்பவர்கள் இழப்பவற்றில் இதை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை: அன்றாடத்தின் அற்பச் செய்திகளை ஆர்வமாகவோ அரைக் காதாகவோ கேட்க ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. சொல்லப்படாத சிறு மகிழ்ச்சி அன்றே வற்றிவிடுகிறது. மாலையில் அவரிடம் சொல்வதை நிறுத்த வேண்டாம். அத்துடன் உயிரோடு இருக்கும் ஒருவரிடமும் நாள்தோறும் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். பழைய தோழியாக இருக்கலாம், உங்களைப் போலவே கணவரை இழந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. மேலே குறிப்பிட்ட பிலிஸ் சில்வர்மன் 1960களில் பாஸ்டன் நகரில், கணவரை இழந்து சில காலம் கடந்த பெண்களே புதிதாக இழந்தவர்களைத் தேடிச் சென்று துணை நிற்கும் ஒரு திட்டத்தை உருவாக்கினார். தேர்ந்த மருத்துவர் சொல்வதைவிட, அதே வீட்டு அமைதியை அறிந்த ஒரு பெண் சொல்வது அவர்களுக்கு எளிதாக எட்டியது. வங்கி வேலையைக் கண்டு இப்போது மலைத்து நிற்கும் ஒரு பெண் உங்கள் அறிமுகத்திலேயே இருக்கக்கூடும். கைபேசியோடு அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

மகளிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அவள் தந்தையை இழந்தவள். அந்தப் பேச்சைக் கேட்டதும் தாயையும் இழந்துவிடுவோமோ என்று நடுங்கியிருப்பாள். நான் மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகளை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவளுக்கும் தெரியட்டும். உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இடம்பெற்றிருக்கிறது. இழப்புக்குப் பின் ஆறு மாதங்களைக் கடந்தும், சமூகம் இயல்பாகக் கருதும் அளவையும் மீறி, ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய சிந்தனையோ விடாமல் ஆட்கொண்டு அன்றாட வாழ்க்கையையே முடக்கும் நிலையை அது குறிக்கிறது. புதிர் நிரப்பி, வங்கி வேலை கற்று, குழந்தையோடு சிரிக்கும் உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளத்தை நான் காணவில்லை.

வீடு மாறுவதை உங்கள் மனநிலை பற்றிய கேள்வியோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டாம். அது தனிக் கேள்வி. இரவில் விழுந்துவிட்டால் யாரை அழைப்பீர்கள், மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறீர்களா, வீட்டுச் சாவி நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கிறதா என்று அவள் கேட்டால் அவை நியாயமான கேள்விகள். முன்கூட்டியே விடைகளோடு அமருங்கள். உடைகளுக்குக் கெடு எதுவும் கிடையாது. கொடுக்கத் தோன்றியவற்றை மகளோடு சேர்ந்து பிரித்துக் கொடுங்கள், மனம் வராதவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள், அவளுக்கும் ஒரு சட்டை வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்