கழல மாட்டேன் என்கிறது டிஸ்க் ஸ்க்ரூ

கேள்வி: எங்கள் வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். பழைய ஹோண்டா சிட்டிக்கு முன்பக்க பிரேக் டிஸ்க்கையும் பேடையும் நானே மாற்ற இறங்கினேன். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவில் ஒன்று கழன்றது. மற்றதன் தலை பாதி மழுங்கிவிட்டது. கடையில் பேட்டரி இம்பாக்ட் டிரைவர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். பாதி மழுங்கிய தலையை இன்னும் காப்பாற்றலாம். மேலும் நாலு திருகு திருகினால் அதுவும் போய்விடும்.

பெயர் ஒன்றுதான் என்றாலும், உங்களுக்கு வேண்டியது சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர். பேட்டரிக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். சாதாரண டிரைவரை அழுத்தித் திருகும்போது அதன் முனை பள்ளத்திலிருந்து மேலேறி வழுக்கும். இதில் பின்னால் விழும் அடி முனையை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பும். அதனால் வழுக்காது.

வாங்கும்போது 3-ஆம் நம்பர் ஸ்டார் பிட் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சாதாரணமாக இருப்பது 2-ஆம் நம்பர். நீங்களும் அதைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இந்தப் பள்ளத்தில் ஆடும்.

பள்ளத்தில் இருக்கும் துருவை ஆணி முனையால் சுரண்டி எடுங்கள். துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு இரவு ஊற விடுங்கள். அப்புறம் பிட்டைப் பொருத்தி, கழற்றும் பக்கமாக டிரைவரைக் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கனமான சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. துரு விட்டதும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகு கையாலேயே கழற்றிவிடலாம்.

அதற்கும் மசியவில்லையா? 8 எம்எம் டிரில் பிட்டால் தலையை மட்டும் குடைந்து எடுத்துவிடுங்கள். டிஸ்க் வெளியே வந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகலாம். பயப்பட வேண்டாம், சக்கரம் மாட்டிய பிறகு டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பது வீல் நட்டுகள்தான். சக்கரம் இல்லாத நேரத்தில் டிஸ்க் விழாமல் இருக்கத்தான் இந்த ஸ்க்ரூ. ஆனாலும் புதிது இரண்டு வாங்கி, மரையில் லேசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். அதைக் கையிறுக்கத்துக்குச் சற்று மேலே இறுக்கினால் போதும்.

டிஸ்க்கை எடுக்கக் கழற்ற வேண்டிய காலிபர் பிராக்கெட் போல்ட் (பேடை அழுத்தும் காலிபரைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்) விஷயம் வேறு. பிரேக்கின் முழு விசையையும் தாங்குவது அதுதான். ஆறு முனை சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போடுங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம், இறுகிய போல்ட்டின் விளிம்பை அது உருட்டிவிடும். நெருப்புக் காட்டவே கூடாது, பக்கத்திலேயே ரப்பர் ஹோஸ் இருக்கிறது. விளிம்பு உருண்ட போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டும்போது சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

இவ்வளவு அடியும் விழும்போது கார் வெறும் ஜாக்கியில் நிற்கக் கூடாது. ஜாக் ஸ்டாண்ட் இல்லையென்றால் இம்பாக்ட் டிரைவருக்கு முன் அதை வாங்குங்கள்.