நடைபாதை வாய்க்காலாகிவிட்டது, என்ன செய்யலாம்?

கேள்வி: உலு சிலாங்கூரில், கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்து ஊர் எங்களுடையது. தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால், அந்தக் காலத்தில் பால்மரம் (ரப்பர்) சீவப் போன பாதை ஒன்று மேட்டிலிருந்து ஓடை வரை 200 மீட்டர் இறங்குகிறது. காலையும் மாலையும் பெரியவர்கள் நடப்பது அங்கேதான். இரண்டு வருடமாக நடுவில் மண் அரித்து முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் எப்போதும் சேறு. கொத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) வைத்து இரண்டு லோரி ஆற்றுக்கல் கொட்டினோம், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. போன மாதம் என் மாமனார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கையில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. சிமெண்டு போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் மாமனாரின் கை சீக்கிரம் குணமாகட்டும். அவர் திரும்ப நடக்க வரும்போது பாதை சரியாக இருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிமெண்டு இப்போது வேண்டாம். கல்லும் இப்போது வேண்டாம். மேட்டில் பாதைக்குள் நுழைகிற மழைத்தண்ணீருக்கு வழியில் எங்கேயும் இறங்கிப் போக இடமில்லை. 200 மீட்டரும் பாதையிலேயே ஓடி, ஓடைக்குப் பக்கத்தில் வந்துதான் நிற்கிறது. நீங்கள் கொட்டிய கல்லை உருட்டிப்போனதும், கீழே சேறாகக் கிடப்பதும் அதே தண்ணீர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். உங்கள் பாதை ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300 சதுர மீட்டர். நம் ஊரில் மாலையில் இடியோடு கொட்டுகிற மழை 40 மில்லிமீட்டர் பெய்வது சாதாரணம். அப்படியானால் பாதையின் மேல் மட்டுமே விழுகிற தண்ணீர் 12,000 லிட்டர். பக்கத்துச் சரிவிலிருந்து வந்து சேர்வது தனி. இந்தத் தண்ணீரை 20 மீட்டருக்கு ஒருமுறை வெளியே திருப்பிவிட்டால், பாதையில் விழுந்த தண்ணீர் எந்த இடத்திலும் 1,200 லிட்டருக்கு மேல் சேராது. அதற்குக் கல்லை உருட்டும் பலம் வராது. ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிப்போகக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். பெரிய கல்லாகப் போட்டால் நிற்குமா என்று யோசிப்பதைவிட, வேகம் கூடவிடாமல் பார்த்துக்கொள்வது எத்தனையோ மேல்.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. அடுத்த மழையில் இடி அடங்கியதும் குடையும் பூட்ஸுமாக மேட்டிலிருந்து கீழே வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே உள்ளே நுழைகிறது, எங்கே வெளியேறப் பார்த்து முடியாமல் திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வெயில் நாளில் எத்தனை பேர் கூடிப் பேசினாலும் இது தெரியாது.

மேட்டு முனையை மிகக் கவனமாகப் பாருங்கள். நான் தோட்டத்துச் சாலை, வடிகால் வேலையில் இருந்த காலத்தில், பேராக்கில் ஒரு சாலையை மூன்று வருடம் தொடர்ந்து நிரப்பினோம். ஒவ்வொரு வருடமும் அதே இடம்தான் அரித்தது. கடைசியில் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே மேலே ஏறிப் பார்த்தேன். மேல் வரிசை வடிகாலில் செம்பனை மட்டைகள் விழுந்து அடைத்து, வடிகால் தண்ணீர் முழுவதும் சாலைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு பேர் ஒரு காலையில் அந்த மட்டைகளை இழுத்துப் போட்டார்கள், அதோடு சரி. மூன்று வருடமாகக் கொட்டிய மண்ணையும் அந்த ஆட்களின் உழைப்பையும் நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. உங்கள் பாதைக்கும் மேலே தோட்டத்து வடிகாலோ தாமான் லோங்காங்கோ (சாக்கடையோ) உடைந்து அல்லது அடைத்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். அதைச் சரி செய்யாமல் கீழே என்ன செய்தாலும் வீண்.

அடுத்தது, பாதையின் வெளி ஓரம், அதாவது சரிவு இறங்குகிற பக்கம். மக்கள் நடக்க நடக்க நடுப்பகுதி தேய்ந்து இறங்கும். ஓரத்தில் புல்லும், புல் வெட்டிப் போட்ட குப்பையும், மழை ஒதுக்கிய மண்ணும் சேர்ந்து வயல் வரப்பு மாதிரி நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரைப் பாதைக்குள் பூட்டி வைப்பது அதுதான். மண்வெட்டியால் அந்த வரப்பை வெட்டி எடுத்து, மண்ணைப் பாதையின் உள் ஓரத்தில் போட்டு இடியுங்கள். பாதை வெளிப்பக்கமாக லேசாகச் சாய வேண்டும். எவ்வளவு சாய்வு என்பதற்கு ஒரு மீட்டர் நீளப் பலகையும் ரசமட்டமும் போதும். பலகையைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வரும்வரை வெளிமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் சாய்த்தால் பெரியவர்களுக்குக் கணுக்கால் வலிக்கும், ஈரத்தில் வழுக்கும்.

இந்தச் சாய்வு மட்டும் போதாது, ஏனென்றால் கால் பட்டுப் பட்டு அது ஓரிரு வருடத்தில் மறைந்துவிடும். அதனால் இறக்கத்தின் நடுவே சின்னச் சின்ன ஏற்றம் வேண்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வைத்தியம் மண்பாதைக்கு இல்லை. ஓரிடத்தில் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் பாதையை ஆழமில்லாமல் சுரண்டித் தாழ்த்துங்கள். சுரண்டிய மண்ணை அதற்குக் கீழ்ப்பக்கம் போட்டு, மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு மெல்ல உயர்ந்து மெல்ல இறங்குகிற மேடாக்குங்கள். இடித்து இறுக்கிய பிறகு, தாழ்வின் அடிக்கும் மேட்டின் உச்சிக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம் இருந்தால் போதும். இறங்கி வருகிற தண்ணீர் மேட்டில் ஏற முடியாமல் நின்று, தாழ்வின் வெளி ஓரம் வழியாக வெளியே போகும். அந்த வாய் ஒரு மீட்டருக்குக் குறையாமல் அகலமாக இருக்கட்டும், குறுகினால் இலை அடைக்கும். வாய்க்கு வெளியே உங்கள் பழைய ஆற்றுக்கற்களைப் பரப்பி வையுங்கள், தண்ணீர் விழுந்து புதுப் பள்ளம் பறிக்காமல் இருக்கும். நடப்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் மேடு செங்குத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மிதமான இறக்கத்தில் 20 மீட்டருக்கு ஒன்று, செங்குத்தான இடத்தில் 10 மீட்டருக்கு ஒன்று என்று ஆரம்பியுங்கள். மழையில் நட்ட குச்சிகள் சரியான இடத்தைக் காட்டிவிடும்.

குறுக்கே கட்டை பதித்துத் தண்ணீரைத் திருப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். பதிக்கலாம், ஆனால் கட்டைக்கு மேல்பக்கம் மண் சேர்ந்ததும் தண்ணீர் அதைத் தாண்டிக் குதிக்கும், ஈரக் கட்டையில் கால் வழுக்கும். பால்மரக் கட்டை பதிக்கவே வேண்டாம், மருந்து ஏற்றாத பால்மரம் ஈர மண்ணில் கரையானுக்கும் பூஞ்சைக்கும் வெகு சீக்கிரம் இரையாகும். செம்பனைத் தண்டும் அப்படித்தான். அது மக்கும்போது காண்டாமிருக வண்டு உள்ளே முட்டையிட்டுப் பெருகும், அப்புறம் பக்கத்துத் தோட்டத்தின் இளஞ்செடிகளைத் தாக்கும். தோட்டத்துக்காரர்களோடு சண்டைதான் மிஞ்சும்.

ஏற்கெனவே விழுந்திருக்கிற முழங்கால் பள்ளத்துக்கு வருகிறேன். ஒரே நாளில் மண் கொட்டி மூடிவிடாதீர்கள், முதல் மழையே அள்ளிக்கொண்டு போகும். மேலே தண்ணீரைத் திருப்பிய பிறகு, பள்ளத்தின் குறுக்கே ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றாகக் கல்லால் சின்னத் தடுப்பு கட்டுங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இரண்டு பக்கமும் கரையைக் குடையும். தடுப்புகளுக்கு இடையே செம்மண்ணை நான்கு அங்குலப் படலமாகப் போட்டு, ஒவ்வொரு படலத்தையும் இடித்து நிரப்புங்கள். ரொம்ப ஆழமான இடத்தில் பாதையையே ஓர் ஆள் அகலம் தள்ளிப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பழைய பள்ளத்தில் மட்டைகளைக் குறுக்காக அடுக்கிவிட்டால் அது தானாக மண் பிடித்துக்கொள்ளும். மட்டைக் குவியலில் நாகம் தங்கும், அதனால் பாதையை ஒட்டி அடுக்காதீர்கள்.

10 மீட்டர் நடந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்குகிற இடம் இருந்தால் அங்கே மட்டும் படி கட்டுங்கள், கைப்பிடியோடு. படிக்கு மேலே ஒரு தண்ணீர் வாய் கட்டாயம் வேண்டும்.

கீழே இருக்கிற சேற்றுக்கு வேறு வைத்தியம். அங்கே நிலத்தடி நீரே மேலே இருக்கலாம், தண்ணீரைத் திருப்பினாலும் முழுக்கக் காயாது. மேல் வேலை முடிந்து ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் ஈரம் இருந்தால் சேற்றைச் சுரண்டி எடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, அதன் மேல் கிரஷர் ரன் ஓர் அடி உயரத்துக்குப் போட்டு இறுக்குங்கள். துணி இல்லாமல் போட்டால் கல் சேற்றுக்குள் இறங்கிக் காணாமல் போகும். ஆற்றுக்கல் உருண்டை, ஒன்றோடொன்று பிடிக்காது. கிரஷர் ரன்னில் முனையுள்ள கல்லும் பொடியும் கலந்திருப்பதால் இடித்தால் கெட்டிப்படும். நடுவில் தண்ணீர் கடக்கிற இடத்தில் குழாய் பதித்தால் 300 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டம் வாங்குங்கள். சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்ய முடியாது.

இப்போது சிமெண்டு பற்றி. சிமெண்டுப் பாதையில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும், ஓரத்து மண்ணைத் தின்னும், அடியில் குடைந்து பலகை பலகையாக உடைக்கும். பாசி பிடித்தால் உங்கள் மாமனாருக்கு மண்ணைவிட அதுதான் ஆபத்து. அரித்த மண் போய்ச் சேரும் இடத்தையும் நினைக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்க் கதையே போதும். ஆற்றின் மேல்பகுதியில் வெள்ளீயம் தோண்டிய மண் வந்து படிந்து படிந்து பழைய கோல குபு வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டே இருந்தது, 1920-களில் ஊரையே மேட்டுக்கு மாற்றி கோல குபு பாரு கட்டினார்கள். அதற்கும் முன்னால், 1883-இல் அங்கே அணை உடைந்ததன் நினைவாகத்தான் அம்பாங் பெச்சா (உடைந்த அணை) என்ற பெயர் இன்றும் இருக்கிறது. உங்கள் மேட்டுமண் ஓடையில் படிந்தால் முதலில் தண்ணீர் ஏறுவது தாழ்வான வீடுகளுக்குள்தான். தண்ணீரை வேகமாகத் தள்ளிவிடாமல் விழுந்த இடத்திலேயே நிதானப்படுத்துங்கள் என்பதுதான் வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது ஜேபிஎஸ், 2000-இல் வெளியிட்டு 2012-இல் புதுப்பித்த ‘மெஸ்ரா ஆலாம்’ (இயற்கைக்கு இசைந்த) வடிகால் கையேட்டின் அடிப்படையும்.

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். சரிவில் மண் பிடிக்க வெட்டுகிற குழிகளைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு தண்ணீர் வாய்க்கும் கீழே, பாதையிலிருந்து தள்ளி, அப்படி ஒரு சின்னக் குழி வெட்டினால் மண் அதில் தங்கும், வருடத்துக்கு ஒருமுறை அள்ளி மேலேயே கொண்டுபோய்ப் போடலாம். ஆனால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வற்றாத குழியை மூடிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

வெட்டிய சரிவுகளில் வெட்டிவேர் நடுங்கள். வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைக் கட்டிப் பிடிக்கும், பாதைக்குள் பரவாது. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், நாற்றுக்கு நாற்று அரைச் சாண் இடைவெளி விட்டு வரிசையாக நட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் தண்ணீர் இடையில் புகுந்து போய்விடும். நிழலில் அது தேறாது, செம்பனை நிழல் விழுகிற இடத்தில் மாட்டுப்புல் போடலாம்.

வேலை தொடங்குமுன் நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்து நிலமென்றால் மேனேஜரிடம் எழுதி வாங்குங்கள், தாமான் நிலமென்றால் நகராண்மைக் கழகம், ஓடைக் கரையென்றால் ஜேபிஎஸ். தண்ணீரை அடுத்தவர் வேலிக்குள் திருப்பாதீர்கள். சேற்றில் இறங்குகிறவர்கள் பூட்ஸ் போடட்டும், எலிச் சிறுநீரால் வருகிற காய்ச்சல் விளையாட்டில்லை.

உங்கள் 3,000 வெள்ளியில் பெரும்பகுதியைக் கீழ்ப்பகுதித் துணிக்கும் கிரஷர் ரன்னுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் வேலை எல்லாம் மண்வெட்டியும் ஆட்களும்தான், பத்துப் பேர் வந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும். அக்டோபர், நவம்பர் மழைக்குள் மேடுகள் இறுகியிருக்க வேண்டும், அதனால் ஜூன், ஜூலையில் மண்வேலையை முடித்துவிடுங்கள், வெட்டிவேரை மழை தொடங்கும்போது நடலாம். முதல் கனமழை பெய்த மறுநாள் ஒருவர் மண்வெட்டியோடு போய், ஒவ்வொரு வாயிலும் சேர்ந்திருக்கிற மண்ணை அள்ளி, பக்கத்து மேட்டின் உச்சியில் போட்டு மிதித்துவிட்டு வரட்டும்.