75 வயது மாமனாரை எல்க் வேட்டைக்குக் கூட்டிப் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: கொலராடோவில் வசிக்கிறேன். என் மனைவியின் அப்பாவுக்கு 75 வயது. ஒரு முழங்கால் மாற்று அறுவை ஆனவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இன்னும் ஒரு தடவையாவது எல்க் வேட்டைக்குப் போகணும் என்கிறார். எனக்கு வேட்டை புதுசு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேக் (ஒரு விலங்கை வேட்டையாட அரசு தரும் அனுமதிச் சீட்டு) அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள். நீங்கள் கூடப் போவது அவருக்குக் காலாகவும் முதுகாகவும் இருக்கத்தான். மற்ற எல்லா முடிவையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் தேனிப் பக்கத்துப் பெண். வாழ்க்கைப்பட்டு வந்தது கொலராடோவின் மேற்குப் பகுதியில் மாடு வளர்த்த ஒரு குடும்பத்துக்கு. எங்கள் வீட்டில் வேட்டைக்காரர் என் மாமியார். சின்ன வயதிலிருந்து தன் அப்பாவுடன் மலையேறிப் பழகியவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், இடுப்பு மூட்டு மாற்றியாயிற்று, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கும் அது பழகிவிட்டது. சீசன் வந்தால் அவருடன் போகிறவள் நான். துப்பாக்கியை நான் தொடுவதில்லை. பைனாகுலர், தண்ணீர், முதலுதவிப் பை, கடைசியில் கறி மூட்டை, இவ்வளவும் என் பொறுப்பு.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக இரண்டு வரி. எல்க் நம் ஊர்க் கடமானுக்கு உறவு, ஆனால் இன்னும் பெரியது. ஆண் சுமார் 320 கிலோ, பெண் சுமார் 225 கிலோ இருக்கும். இந்தியாவில் 1972 சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. இங்கே மாநில வனவிலங்குத் துறையே மலைகளை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, எதில் எத்தனை எடுக்கலாம் என்று கணக்கிட்டு டேக் கொடுக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் கொலராடோவில் எல்க் கிட்டத்தட்ட அழிந்துபோன நிலை. யெல்லோஸ்டோன் பக்கமிருந்து பிடித்துவந்து விட்டுத்தான் மறுபடி பெருகின. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேல், அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. அந்தத் துறை நடப்பதில் வேட்டை லைசென்ஸ் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, டேக்குக்கு வருகிறேன். நீங்கள் ஏன் எடுக்க வேண்டாம் என்கிறேன்? உங்கள் பாக்கெட்டிலும் ஒரு டேக் இருந்தால், எதிர் மேட்டில் ஆண் எல்க் ஒன்று தெரிந்ததும் உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் போகும். பெரியவர் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பார். என் கணவர் குடும்பத்தில் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன், யாருக்கும் நிம்மதி இல்லை. அப்புறம் பாயிண்ட் கணக்கு. உங்கள் மாமனார் பல வருடமாக விண்ணப்பித்து வந்தவர் என்றால் பிரிஃபரன்ஸ் பாயிண்ட் (டேக் கிடைக்காத வருடத்துக்கு ஒன்றாகச் சேரும் முன்னுரிமைப் புள்ளி) சேர்த்து வைத்திருப்பார். கொலராடோவில் குழுவாக விண்ணப்பித்தால் குழுவில் யாருக்கு மிகக் குறைவோ அந்தப் பாயிண்ட்தான் எல்லாருக்கும். உங்களுக்குப் பூஜ்யம் என்றால் அவர் சேர்த்ததெல்லாம் அந்த விண்ணப்பத்தில் பூஜ்யம். (வயோமிங்கில் சராசரி எடுக்கிறார்கள், அங்கேயும் நஷ்டம்தான்.) அவர் தனியாக விண்ணப்பிக்கட்டும். சேர்த்த பாயிண்டைச் செலவழிக்க இதைவிட நல்ல வருடம் வராது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டு, பாயிண்டை வைத்துக்கொண்டே மலையேற முடியாமல் போனவர்கள் இங்கே நிறைய.

ஒன்று மட்டும் கவனம்: அவருடைய எல்க்கை நீங்கள் சுடக்கூடாது. அவர் டேக், அவர்தான் சுட வேண்டும். அவர் சுட்டு அடிபட்டு ஓடினாலும் அப்படித்தான். சுட்டு வீழ்த்தியதும் டேக்கில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

டிரா, அதாவது டேக் குலுக்கல், அதற்கான விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று வேண்டும். உங்கள் மாமனார் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் வருவார். பழைய அட்டையை இப்போதே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த டேக்? என்னைக் கேட்டால் பெண் எல்க் டேக். கொம்பு வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அது அவர் உரிமை, கேட்டுவிடுங்கள். ஆனால் 75 வயதில் பலருக்கு வேண்டியது மலையும் ஃப்ரீசர் நிறையக் கறியும்தான். பெண் எல்க் மந்தையாக இருக்கும், தாழ்வான இடங்களிலும் புல்வெளி ஓரங்களிலும் வரும். அக்டோபர் கடைசியில் பெரிய ஆண் எல்க் இனச்சேர்க்கைக் களைப்பு தீரத் தனியாகப் போய், யாரும் ஏற விரும்பாத இருண்ட சரிவில் பதுங்கிக்கொள்ளும். அதைத் தேடி முழங்கால் மாற்றியவர் போக வேண்டியதில்லை. தனியார் பண்ணை நிலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் பெண் எல்க் டேக்குகளும் உண்டு. வைக்கோலைத் தின்று தீர்க்கும் மந்தையால் தவிக்கும் பண்ணைக்காரர்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு, சிலர் சும்மாவேகூட அனுமதிப்பார்கள். கோடையிலேயே நேரில் போய்க் கேளுங்கள், மாமனாரையும் கூட்டிக்கொண்டு.

இடம் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் எல்க் எங்கே அதிகம் என்று பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கறி எப்படி வெளியே வரும் என்பது. பெண் எல்க் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சியே 50 முதல் 70 கிலோ தேறும். அதை நீங்கள் ஒருவராகச் சுமக்கப் போகிறீர்கள். பள்ளத்தில் இறங்கிச் சுட்டால் அத்தனையும் ஏற்றத்தில். அதனால் சாலையைவிட மேலே இருக்கும் இடமாகப் பாருங்கள், சுமை இறங்கி வரட்டும். வில்டர்னஸ் என்று அறிவித்த காடுகளில் மோட்டார் வண்டிக்கு மட்டுமல்ல, சக்கரம் வைத்த கைவண்டிக்கும் அனுமதி இல்லை. அப்படிப்பட்ட காடுகளில் ஒன்றான ஃப்ளாட் டாப்ஸ் அழகான இடம்தான், எல்க்கும் ஏராளம். ஆனால் குதிரை வைத்திருக்கும் ஆள் கிடைக்காவிட்டால் அதன் உள்பகுதி வேண்டாம். சாதாரண நேஷனல் ஃபாரஸ்ட்டில் வெட்டிய மரம் ஏற்றிப் போன வண்டிகளின் பழைய பாதைகள், இப்போது மூடியவை, இருக்கும். சமமாக, அகலமாக, ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் போனால் ஒரு புல்வெளியில் முடியும். கைவண்டி போகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாலையில் மோட்டார் போகலாம் என்பதற்கு அவர்களே வரைபடம் தருகிறார்கள்.

நடக்கவே சிரமம் என்றால் கொலராடோ வனவிலங்குத் துறையிடம் மாற்றுத்திறன் அனுமதி கேட்கலாம். மருத்துவர் கையெழுத்து வேண்டும். கிடைத்தால், பொதுச்சாலையைவிட்டு விலகி நிறுத்திய வண்டியில் இருந்தபடியே சுட முடியும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிற பெரியவர்கள் உண்டு, உங்கள் மனைவியைப் பேசச் சொல்லுங்கள். நியூ மெக்சிகோவில் நடக்க இயலாதவர்களுக்கென்றே தனி எல்க் வேட்டைகள் உண்டு. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இப்படி அனுமதிகள் இருக்கின்றன. வயோமிங்கை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: வெளிமாநிலத்தார் அங்கே வில்டர்னஸில் பெருவிலங்கு வேட்டையாட லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ கட்டாயம்.

உடம்பு. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான். இங்கே எல்க் இருப்பது பெரும்பாலும் 8,000 அடியிலிருந்து 11,000, 12,000 அடி வரை. 10,000 அடியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 70 சதவீதம். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ஜூலைக்குள் இதய மருத்துவரைப் பாருங்கள். ‘வேட்டைக்குப் போகலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இத்தனை அடி உயரம், இத்தனை தூரம், முதுகில் இத்தனை கிலோ, குளிர் இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். மிச்சிகனில் மான் வேட்டைக்காரர்களின் இதயத் துடிப்பை ஆராய்ந்திருக்கிறார்கள். சிலருக்கு டிரெட்மில்லில் எட்டிய உச்சத்தையும் காட்டில் துடிப்பு தாண்டியிருந்தது. விலங்கைப் பார்த்த பரபரப்பே போதும், ஏற்றமும் சுமையும் அதோடு சேர்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் கத்தி வேலை முழுக்க உங்களுடையது, ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணி கையில் இருக்கட்டும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். தூங்கும்போது மூச்சுக்கு உதவும் சிபேப் இயந்திரம் போடுகிறவர் என்றால் கூடாரத்தில் மின்சாரத்துக்கு என்ன வழி?

கூடாரம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். வயதானவர்கள் இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில், இருட்டில், கயிறு தடுக்கும் இடத்தில் எழுந்து வெளியே போவது மலையேற்றத்தைவிட ஆபத்து. மீக்கர், கிரெய்க், வால்டன், கன்னிசன் போன்ற ஊர்களில் விடுதி அறை எடுங்கள். ஹீட்டர், வெந்நீர், கழிவறை மூன்றும் இருந்தால் மறுநாளும் அவரால் போக முடியும். கூடாரம்தான் வேட்டை என்று அவர் பிடிவாதம் பிடிக்கலாம். அத்தையும் பிடித்தார். ஒரு இரவு விடுதியில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். காட்டுக்குப் பக்கத்திலேயே, உயரம் பழக, முதல் ஒன்றிரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நாங்கள் விடியற்காலை வேட்டையை விட்டுவிட்டோம். இருட்டில், பனி உறைந்த கல்லில், குளிரின் உச்சத்தில் ஏறுவது யாருக்காக? மதியச் சாப்பாடு முடித்து, வெயிலில், பாதையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போய் உட்காருகிறோம். காற்று எங்களுக்கு எதிராக வரும்படி இடம் பார்ப்பது அத்தையின் வேலை. பகல் சூட்டில் சரிவில் மேலேறும் காற்று, வெயில் மறைந்ததும் கீழே இறங்க ஆரம்பிக்கும், அந்த மாற்றத்தைக் கன்னத்திலேயே உணர்ந்துவிடுவார். முதுகுக்குச் சாய்வுள்ள மடக்கு நாற்காலி, கம்பளி, ஃப்ளாஸ்கில் காபி. சூரியன் மறைந்து அரை மணி வரை சுட அனுமதி உண்டு. திரும்பும்போது இருட்டு, ஆனால் பார்த்து வந்த பாதை, தலையில் விளக்கு. இருவருக்கும் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும். சட்டப்படி ரைஃபிள் சீசனில் அது வேட்டைக்காரருக்குத்தான் கட்டாயம், ஆனால் நீங்களும் போடுங்கள்.

துப்பாக்கி அவருடையது பழைய .30-06 (குண்டின் அளவைச் சொல்லும் பெயர்) ஆக இருக்கலாம். தோள் அதன் உதையைத் தாங்குகிறதா என்று கோடையில் பாருங்கள். அத்தை 7எம்எம்-08க்கு மாறினார், உதை குறைவு, எங்கள் தூரத்துக்கு அது தாராளம். பயிற்சியை மேசையில் வைத்துச் செய்யாமல், காட்டில் உட்காரப்போகும் அதே நாற்காலியில், அதே தடித்த ஜாக்கெட்டோடு, மூன்று கால் தாங்கியில் ரைஃபிளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து குண்டு எத்தனை கெஜத்தில் ஒரு தட்டுக்குள் விழுகிறதோ அதுவே அவருடைய எல்லை. கண்ணில் புரை இருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். மலையில் பேசினால் அது சண்டையாகும், அவருக்கு அவமானமாகவும் படும். எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு: இருவரில் யார் ‘போதும்’ என்றாலும் திரும்புவோம், காரணம் கேட்பதில்லை. நெஞ்சு, மூச்சு, தலைசுற்றல் எதையும் மறைப்பதில்லை என்று அத்தையிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். செல்போன் எடுக்காத இடம், அதனால் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி என் சட்டையிலேயே இருக்கும். எங்கே வண்டி, எங்கே உட்காருகிறோம், எத்தனை மணிக்குள் சேதி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி என் கணவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.

எல்க் விழுந்துவிட்டால் அவரை உட்கார வையுங்கள், வேலை உங்களுடையது. தோல் தடிமன், உள்ளே சூடு நிற்கும், தொடை எலும்பை ஒட்டித்தான் கறி முதலில் கெடும். உடனே தோலுரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, துணிப் பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். அதை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். கறி வெட்டுபவர் யாரிடமாவது ஒரு நாள் கூட நின்று பாருங்கள். எங்கே வெட்டுவது என்று மாமனார் நாற்காலியிலிருந்தே சொல்லிக்கொடுப்பார். அத்தை எனக்கு அப்படித்தான் கற்றுத்தந்தார், அந்த நேரங்களில்தான் தன் அப்பாவைப் பற்றி அதிகம் பேசினார். மான் இனத்தைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற மூளை நோய்க்குத் தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சில யூனிட்களில் அது கட்டாயம். முடிவு வரும் வரை கறியை உறைய வையுங்கள், நோய் இருந்தால் சாப்பிடக்கூடாது. நோய் இல்லை என்று வந்தபின் மிளகு சுக்கா வறுக்கலாம், கொழுப்பில்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக.

எல்க் கிடைக்காமலும் போகலாம். கொலராடோவில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. இதை மாமனாரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத் தெரியும். உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள், வீடு திரும்பும்போது ‘ஒன்றும் கிடைக்கலையா’ என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம்.

அவருக்கு எத்தனை பாயிண்ட் இருக்கிறது, நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து எத்தனை மணி நேரப் பயணம் தாங்குவார், சமதளத்தில் நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அத்தையிடம் கேட்டு எந்த யூனிட் சரிவரும் என்று சொல்கிறேன். டிரா முடிவதற்குள் எழுதிவிடுங்கள்.