யுஎஸ்பி ஓவர்-கரண்ட் பின்னை டிவைஸ் ட்ரீயில் முடக்கிவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: ஐ.எம்எக்ஸ்6 ப்ராசஸர் வைத்து அவர்களே வடிவமைத்த போர்டு. யுஎஸ்பி ஹோஸ்ட் போர்ட்டில் எதையும் செருகாமலேயே லினக்ஸ் லாக்கில் ‘ஓவர்-கரண்ட் கண்டிஷன்’ (அளவுக்கு மீறிய மின்சாரம்) என்று வந்துகொண்டே இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில், ‘டிஸேபிள்-ஓவர்-கரண்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால் அடங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்த்தால் அடங்கிவிடும், அது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்து, போர்ட்டுக்கு 5 வோல்ட்டைத் தரும் பவர் ஸ்விட்ச் சிப்பின் ஃபால்ட் பின்னில் (ப்ராசஸரின் ஓவர்-கரண்ட் பின்னுக்குக் கோளாறைச் சொல்வது இதுதான்) எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் செருகாதபோது 3.3 வோல்ட் நிலையாக இருந்தால் ஸ்விட்ச் நலமாக இருக்கிறது. ப்ராசஸர்தான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறது. நிலையில்லாமல் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தால், பின்னை மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை. இந்த ஃபால்ட் பின்கள் பெரும்பாலும் ஓப்பன்-டிரெய்ன் வகை. கீழே இழுக்கத்தான் தெரியும், தானாக மேலே ஏறாது. 10 கிலோ ஓம் ஒன்றைப் போட்டு, ப்ராசஸரின் அந்தப் பின் எந்த வோல்டேஜில் இயங்குகிறதோ அதற்குக் கட்டுங்கள். பக்கத்திலேயே 5 வோல்ட் ஓடுகிறதே என்று அதில் கட்டிவிடாதீர்கள், 3.3 வோல்ட் பின் அதைத் தாங்காது.

தலைகீழாகப் புரிந்துகொள்வது எப்படி? பின் லோ ஆனால் கோளாறா, ஹை ஆனால் கோளாறா என்பதை ஐ.எம்எக்ஸ்6-இல் ஒரு ரெஜிஸ்டர் பிட் (சிப்புக்குள் 0 அல்லது 1 என்று வைக்கும் ஒரு அமைப்பு) தீர்மானிக்கிறது. டிவைஸ் ட்ரீயில் ‘ஓவர்-கரண்ட்-ஆக்டிவ்-லோ’ அல்லது ‘ஓவர்-கரண்ட்-ஆக்டிவ்-ஹை’ என்று குறிப்பிடலாம். இரண்டையும் விட்டுவிட்டால் இப்போதைய லினக்ஸ் டிரைவர் அந்தப் பிட்டைத் தொடுவதே இல்லை. லினக்ஸுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் எப்படி வைத்துவிட்டுப் போனதோ அப்படியே இருக்கும். யூ-பூட் என்ற பூட்லோடரை மட்டும் மாற்றி, கர்னலில் ஒரு எழுத்துகூட மாற்றாமல், யுஎஸ்பி படுத்துக்கொள்ள இது ஒன்றே போதும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கையோடு பின்-மக்ஸையும், அதாவது எந்தப் பின்னுக்கு எந்த வேலை என்ற அமைப்பையும், சரிபாருங்கள். ஓவர்-கரண்ட் என்று ஒதுக்கிய பின் வேறு வேலையில் இருந்தாலும் இதே கூத்துதான்.

சரி, முடக்கினால் என்ன கெட்டுவிடும்? ஒயர் ஷார்ட் ஆனால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது ப்ராசஸர் இல்லை, ஸ்விட்ச் சிப்தான். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப் தர வேண்டும். பாதுகாப்புக்கான வரம்பு எந்த நிலையிலும் 5 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. யாரும் கை வைக்காமல் அது மீண்டும் பழைய நிலைக்கு வர வேண்டும் என்கிறது யுஎஸ்பி ஸ்பெக். ஆகவே கண்ணாடி ஃபியூஸ் ஆகாது. ஆறியதும் தானாகச் சரியாகும் பாலிஃபியூஸ் அல்லது ஸ்விட்ச் சிப் வேண்டும். பின்னை முடக்கினாலும் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்யும். அது என்ன செய்தது என்பதுதான் உங்கள் மென்பொருளுக்குத் தெரியாமல் போகும்.

பலரும் கவனிக்காத இடம் இனிமேல்தான் வருகிறது. டிபிஎஸ்2051பி என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். 500 மில்லிஆம்ப் சிப் என்றுதான் விற்கிறார்கள், ஆனால் அது மின்சாரத்தை மட்டுப்படுத்துவது ஏறக்குறைய 1 ஆம்பியரில். டேட்டாஷீட்டில் 0.75 முதல் 1.25 வரை இருக்கும். உங்கள் 5 வோல்ட் ரெகுலேட்டர் மொத்தமே 1 ஆம்பியர்தான் தரும், அதிலேயே ப்ராசஸரும் ஓடுகிறது என்றால், ஸ்விட்ச் விழித்துக்கொள்வதற்குள் 5 வோல்ட் சரிந்து ப்ராசஸர் ரீசெட் ஆகிவிடும். ஓவர்-கரண்ட் செய்தியை லாக்கில் எழுத ஆளே இருக்காது. ஃபால்ட் பின்னும் உடனே கீழே வராது; செருகும்போது கெப்பாசிட்டர் நிரம்ப இழுக்கும் நொடிநேர மின்சாரத்தைக் கோளாறு என்று எண்ணிவிடாமல் இருக்க, 10 மில்லி செகண்ட் அளவுக்குப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். ஸ்பெக் சாதனத்தின் உள்ளே 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், ஹோஸ்ட் பக்கம் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் வேண்டும் என்றும் கேட்பது இந்தச் சரிவைச் சமாளிக்கத்தான். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதலில் கழற்றப்படுவது அந்த 120-தான்!

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டு இரண்டு பக்கத்து அடியையும் வாங்கியிருக்கிறது. 2012-இல் வந்த முதல் மாடல் பி-யில் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு 140 மில்லிஆம்ப் பாலிஃபியூஸ் இருந்தது. கொஞ்சம் பசி அதிகமுள்ள வைஃபை டாங்கிளைச் செருகினால் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்புறம் அந்த ஃபியூஸ்களை எடுத்தார்கள். உடனே, ஓடிக்கொண்டிருக்கும்போது டாங்கிளைச் செருகினால் போர்டே ரீசெட் ஆகும் கதை ஆரம்பித்தது. 2014-இல் பி பிளஸ் வந்தபோதுதான் முறையான ஸ்விட்ச் சிப் வைத்தார்கள்: வழக்கமாக 600 மில்லிஆம்ப், அமைப்பை மாற்றினால் 1.2 ஆம்பியர்.

லினக்ஸ் என்ன செய்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்-கரண்ட் நிலை மாறியதும், யுஎஸ்பி போர்ட்டுகளைக் கவனிக்கும் ஹப் டிரைவர் 100 மில்லி செகண்ட் ஆறவிட்டு, மறுபடி பவரைப் போடுகிறது. கோளாறு இன்னும் இருந்தால்தான் நீங்கள் பார்க்கும் அந்தச் செய்தி. கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல், போர்ட்டின் கோப்புறையில் ‘ஓவர்_கரண்ட்_கவுன்ட்’ என்று ஒரு எண்ணிக்கையும் இருக்கிறது. ஆனால் ‘இதோடு போதும், நிறுத்து’ என்று கர்னல் தானாக முடிவெடுக்காது. ஸ்விட்சோ, சூடாகி அணைந்து, ஆறி, மறுபடி போட்டுக்கொண்டிருக்கும். சில வகைகள் மட்டும் அணைந்தால் அணைந்ததுதான், ஸ்விட்சைப் போட்டு அணைக்கும் எனேபிள் பின்னை ஒருமுறை தட்டி எழுப்ப வேண்டும். ஆளில்லாத இடத்தில் ஓடும் பெட்டிக்கு, ஐந்தாறு முறை பார்த்துவிட்டு போர்ட்டை மூடி, எங்கேயாவது பதிவு செய்யும் சின்ன நிரல் ஒன்றை நீங்களே எழுதுவதுதான் நல்லது. எனேபிள் பின்னை நேராகச் சப்ளையில் கட்டி வைத்திருந்தால் அதற்கும் வழியில்லை. இரண்டு போர்ட்டுக்கு ஒரே ஸ்விட்ச் என்றால், கெட்டுப்போன பென்டிரைவ் ஒன்று பக்கத்து கீபோர்டையும் சேர்த்து அணைத்துவிடும்.

லினக்ஸ் இல்லாமல் செய்பவர்களுக்கு எஸ்டிஎம்32எஃப்4 டிஸ்கவரி என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் சர்க்யூட் வரைபடம் நல்ல பாடம். பிசி0 பின் ஸ்விட்சைப் போடும், கோளாறு பிடி5-க்கு வரும், கூடவே ஒரு சிவப்பு எல்இடியும் எரியும். பின் மாறியதும் உடனே ஓடும் இன்டரப்டில் பவரை அணைத்து, நடந்ததைக் குறிக்கும் ஒரு கொடியை (ஃப்ளாக்) மட்டும் ஏற்றிவிட்டு, மறுமுயற்சியை மெயின் லூப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க, வேண்டிய அளவு மின்சாரத்தை இழுக்கும் எலக்ட்ரானிக் லோடு கருவி இல்லையென்றால் 10 வாட் ரெசிஸ்டர்கள் போதும். 10 ஓம் வைத்தால் 0.5 ஆம்பியர், போர்ட் அசையக் கூடாது. அடுத்து நேரடி ஷார்ட். ஆஸிலோஸ்கோப் புரோபை போர்ட்டின் பக்கம் வைக்காமல், ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கும் 5 வோல்ட்டில் வையுங்கள். அங்கே சரிவு பெரிதாக இருந்தால் டிவைஸ் ட்ரீயில் எந்த வரியைப் போட்டும் பயனில்லை.

‘டிஸேபிள்-ஓவர்-கரண்ட்’ நியாயமாகப் பொருந்துவது அந்தப் பின்னை போர்டில் எங்குமே இணைக்காதபோது, அல்லது பெட்டிக்குள்ளேயே சாலிடர் செய்த மோடம் போன்ற ஒன்று மட்டும் அந்தப் போர்ட்டில் தொங்கும்போது. அப்போதும் ஏன் போட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி கமெண்ட் எழுதிவிடுங்கள்.