பருவநிலை மாற்றத்தால் கரையோரக் கடல் உயிர்களுக்கு என்ன பாதிப்பு? சென்னையில் அதைக் கண்ணால் பார்க்க முடிகிறதா?

சட்டென்று பார்க்க முடியாது. எனக்கு அது புரிந்ததே மணலில்தான்.

கல்லூரியில் படிக்கும்போது இரண்டு சீசன் ஆமை நடைக்குப் போயிருக்கிறேன். நீலாங்கரையில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கிளம்பினால் பெசன்ட் நகர் வந்துசேர விடிகாலை ஆகிவிடும். தை மாதத்திலிருந்து முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளை (ஆலிவ் ரிட்லி) தேடித்தான் இந்த நடை. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். நாய் கிளறிவிடும் என்பதால் அவற்றை எடுத்துவந்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்துக்குத் தோண்டிப் புதைப்போம். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 30 டிகிரியில் பாதிக்குப் பாதி வரும். சூடு ஏற ஏறப் பெண் குஞ்சுகள்தான் அதிகம். 35-ஐத் தாண்டினால் கருவே பிழைப்பது கஷ்டம். அதனால்தான் வெயில் ஏறியதும் குழிகளுக்கு மேல் கீற்றுப் பந்தல் போடுவார்கள். சரி, நாங்கள் கண்ணில் படாமல் விட்ட முட்டைகளுக்கு யார் பந்தல் போடுவது?

தண்ணீருக்குள் நடப்பது வேறு கதை. பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அந்தத் தண்ணீர் லேசானது என்பதால் மூடி போட்ட மாதிரி மேலேயே நிற்கும், அடியில் இருக்கும் சத்து மேலே வராது. வங்கக் கடலில் பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீரும் மேலே படலமாக நிற்பதால் நமக்கு இன்னும் மோசம். அந்தச் சத்து கிடைக்காமல் நுண்பாசி குறைந்தால் அதைத் தின்னும் சின்ன மீன்களுக்கும் தட்டுப்பாடுதான். மத்தி ஒரு காலத்தில் மலபார் கரை மீன். 1980களுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வலையில் நிறைய விழ ஆரம்பித்தது. கடல் சூடானதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் வெளுத்ததும் இதே சூட்டால்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகள் பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியவை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது, செய்தியும் ஆனது. மணல் சூட்டின் விளைவு அப்படித் தெரியாது. இந்தப் பங்குனியில் பொரிக்கும் குஞ்சு வளர்ந்து முட்டையிட வருவதற்கே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும்.