கேள்வி-பதில்: மெயிட், வென்டிலேட்டர், நம் உரிமை

கனடாவில் வைத்திய உதவியோடு உயிரை முடித்துக்கொள்வதைத்தான் மெயிட் என்கிறார்கள். இம்முறை இரண்டு பேர் எந்த மாகாணம் என்றே எழுதவில்லை. அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது, ஒன்ராறியோ என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு டிமென்ஷியா. அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் (பவர் ஒஃப் அட்டர்னி) என்னிடம் இருக்கிறது. அவருக்காக நான் மெயிட் கேட்கலாமா? (ஸ்காபரோ)

முடியாது. அவரே கேட்க வேண்டும். கியூபெக்கில் 2024 அக்டோபர் முதல் முன்கூட்டியே எழுதிவைக்கலாம், அதையும் நோயாளி தெளிவாக இருக்கும்போது அவரேதான் செய்ய வேண்டும்.

முள்ளந்தண்டில் அடிபட்ட தம்பியைப் படுக்கைப் புண்ணுக்காகக் கூட்டிப் போனோம். அவன் கேட்காமலே மெயிட் பேச்சை எடுத்தார்கள். எடுக்கலாமா? (பிரம்டன்)

சட்டம் தடுக்கவில்லை, என் கோபமே அதுதான். நியூசிலாந்தில் நோயாளி கேட்காமல் இந்தப் பேச்சை வைத்தியர் ஆரம்பிக்கவே கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே 2021 இல் மெயிட்டுக்கு ட்ராக் 2 என்ற இரண்டாவது வழி வந்து, சாவு நெருங்காதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள், 2024 இல் மட்டும் 700க்கு மேற்பட்டவர்கள் அந்த வழியில் போய்விட்டார்கள். நடமாடும் ஒருவர் சாக வேண்டும் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவிக்கு அனுப்புவார்கள், அதையே சக்கர நாற்காலியில் இருப்பவர் சொன்னால் மெயிட் படிவம் கைக்கு வரலாம். ஏன்? அமெரிக்க வைத்தியர்களிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வில் 100க்கு 80க்கு மேற்பட்டவர்கள், கடுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட மோசம் என்றார்கள். அப்படி வாழ்பவர்களிடமே கேட்ட 1999 ஆய்வில் பாதிக்கு மேல், வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்றார்கள். படுக்கைப் புண்ணுக்கு வேண்டியது சரியான மெத்தை, புரட்டிவிட ஆள், புண்ணுக்கு மருந்து கட்ட வரும் நர்ஸ். ஓடிஎஸ்பி என்ற ஒன்ராறியோ மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் தனி ஆளுக்கு மாதம் சுமார் 1,400 டொலர், அதை வைத்து ரொறன்ரோவில் வாடகையே கட்டி முடியாது. உதவிச் சேவைகளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே தவிர அவை கிடைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, ட்ராக் 2 மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாள் என்கிறார்கள், சக்கர நாற்காலி போகக்கூடிய வீட்டுக்கான வரிசையோ வருடக் கணக்கு. ட்ராக் 2ஐ நீக்கும்படி 2025 மார்ச்சில் ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவே கனடாவிடம் சொல்லிவிட்டது.

தம்பியின் கோப்பின் பிரதியைக் கேளுங்கள், அந்தப் பேச்சு அதில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வைத்தியசாலையின் நோயாளர் தொடர்புப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள், சரிவராவிட்டால் நோயாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் பேஷன்ட் ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அப்பா வென்டிலேட்டரில். நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். (மார்க்கம்)

சம்மதம் இல்லாமல் முடியாது. 2013 ரசூலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். நீங்கள் மறுத்தால் அவர்கள் சிகிச்சைச் சம்மதத் தகராறுகளைத் தீர்க்கும் கன்சென்ட் அண்ட் கப்பாசிட்டி போர்டுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது அப்பாவின் விருப்பத்தை, உங்களுடையதை அல்ல. அவர் எப்போது யாரிடம் என்ன சொன்னார் என்று இன்றே எழுதிவையுங்கள். டிஎன்ஆர், அதாவது இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற உத்தரவு, அந்த விஷயத்திலும் இதே பாதுகாப்பு உண்டு என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தியாவிலேயே 2018 இல் கருணைக்கொலை சட்டமாகிவிட்டது. கனடாவை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? (கோவை)

தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். அந்த 2018 காமன் காஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது மீள முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை, ஊசி போட்டு முடிப்பதை அல்ல. ஒருவர் சாக மருந்து எடுத்துக் கொடுத்தால் அங்கே இன்றும் தற்கொலைக்குத் தூண்டிய வழக்குதான். அதைவிட, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் சிகிச்சையில் முன்னுரிமை இருக்கிறது, ஊரில் அதைக் கேட்டுப் பார்த்தீர்களா?

வலி தாங்காதவர்கள்தானே மெயிட் கேட்கிறார்கள்? (லண்டன்)

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997 முதல் இதுபோன்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அறிக்கைகளைப் பாருங்கள். சுயமாக இயங்க முடியாமை, பிடித்ததைச் செய்ய முடியாமை, கண்ணியம் போய்விட்டது என்ற எண்ணம், இவைதான் முதலில் வருகின்றன. வலியோ அது பற்றிய பயமோ அதற்கெல்லாம் பின்னால். கழிப்பறைக்குப் போக இன்னொருவர் கை வேண்டும் என்பது சாகக் காரணம் என்றால், அந்தக் கையோடுதான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு மெயிட் எப்போது? (பெயர், ஊர் இல்லை)

2027 மார்ச் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். உங்களுக்காகக் கேட்டிருந்தால் திகதியை விடுங்கள், இப்போதே கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988ஐ அழையுங்கள், 24 மணிநேரமும் ஆள் இருக்கும், பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி போதும். எனக்கும் மறுபடி எழுதுங்கள், ஊரோடு.