குழுவின் மெயில் பட்டியல் யாருடையது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் சிறிய வரலாற்று ஆர்வலர் குழு ஒன்று நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுகல், கோட்டை, கல்திட்டை என்று எங்காவது கிளம்பிவிடுவோம். உறுப்பினர்கள் 130 பேர். கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி, கொஞ்சம் பேர் பெங்களூரு. செயலாளர் என்பதால் என் சொந்த ஜிமெயிலில் இருந்து எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்புகிறேன். ஒருவர் 'நான் வருகிறேன்' என்று பதில் போட்டால் 130 பேருக்கும் போகிறது. பத்துப் பதினைந்து மெயில் திரும்பி வருகிறது. சிலர் 'எனக்கு வரவே இல்லை' என்கிறார்கள். போன மாதம் யாரோ இந்த முகவரிகளை எடுத்து எல்லோருக்கும் வீட்டுமனை விளம்பரம் அனுப்பிவிட்டார்கள். பேசாமல் வாட்ஸாப்புக்கே போய்விடலாமா?

பதில்: வீட்டுமனையில் இருந்தே தொடங்குகிறேன், அதை இன்றைக்கே நிறுத்திவிடலாம். 130 முகவரியையும் 'டு' பெட்டியிலோ 'சிசி' பெட்டியிலோ போட்டிருப்பீர்கள். அங்கே போடுகிற முகவரி, மெயில் பெறுகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். 'டு'வில் உங்கள் முகவரியை மட்டும் போட்டு, மற்ற எல்லாவற்றையும் 'பிசிசி'க்கு மாற்றுங்கள். யார் யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. 'ரிப்ளை ஆல்' அமுக்கினாலும் பதில் உங்களுக்கு மட்டும்தான் வரும். ஏற்கெனவே வெளியே போன முகவரிகளை மட்டும் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆனால் பிசிசி இந்த மாதத்தைத் தள்ளத்தான் உதவும். சாதாரண ஜிமெயில் கணக்கில் இருந்து ஒரு நாளைக்குச் சுமார் 500 பேருக்குத்தான் அனுப்பலாம். 130 பேர்தானே என்று தோன்றும். காலையில் அறிவிப்பு, பத்து மணிக்கு 'மன்னிக்கவும், 14 அல்ல 21ஆம் தேதி', மாலையில் நினைவூட்டல், இரவில் 'வேன் ரவுண்டானாவில் நிற்காது, பஸ் ஸ்டாண்டுக்கு வரவும்'. நான்கு தடவைக்கே 520 ஆகிவிட்டது. எல்லை தாண்டினால் 24 மணி நேரம் வரை உங்கள் கணக்கில் இருந்து யாருக்கும் மெயில் அனுப்ப முடியாமல் போகலாம், உங்கள் மகனுக்குக்கூட.

இதைவிடப் பெரிய சிக்கல், பட்டியல் உங்கள் போனுக்குள் உட்கார்ந்திருப்பது. நாளைக்கு வேறொருவர் செயலாளரானால் 130 முகவரியையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வீர்களா? பல சங்கங்களில் பதவி கைமாறும்போது பட்டியலில் பாதி காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இரண்டு வேலை. முதலில் குழுவின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு. அதற்கு மீட்பு எண்ணாக (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் போன் எண்) தலைவர் எண்ணோ பொருளாளர் எண்ணோ இருக்கட்டும், உங்கள் எண் வேண்டாம். பிறகு அந்தக் கணக்கில் இருந்து ஒரு கூகுள் குழுமம் தொடங்குங்கள். காசு கிடையாது. குழுமத்துக்கென்று தனி முகவரி கிடைக்கும், அந்த ஒரு முகவரிக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போய்விடும். உறுப்பினருக்கு ஜிமெயில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, யாகூ, ரீடிஃப் எதுவானாலும் மெயில் வரும். பழைய மெயில்களை இணையத்தில் போய்ப் பார்க்க மட்டும் கூகுள் கணக்கு வேண்டும்.

குழுமம் தொடங்கும்போது வருகிற அமைப்புகளை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் தலைவலி முழுக்க அங்கேதான் தீர்கிறது. யார் எழுதலாம்? ஓனரும் மேனேஜரும் மட்டும். உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம்? அதுவும் அவர்கள் மட்டும். வீட்டுமனைக்காரருக்கு அங்கேயே கதவு அடைபடும். யார் சேரலாம்? கேட்டால் நீங்கள் அனுமதித்த பிறகு. பதில் எங்கே போக வேண்டும் என்றும் ஓர் அமைப்பு உண்டு. அதில் எழுதியவருக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் 'நான் வருகிறேன்' உங்களோடு நின்றுவிடும்.

உங்களைப் போன்ற குழுவுக்கு இன்னொன்றும் முக்கியம். குழும உரையாடலை யார் படிக்கலாம் என்பதை 'உறுப்பினர் மட்டும்' என்றே வையுங்கள். ஏரிக்கரையிலும் கொல்லையிலும் கேட்பாரில்லாமல் நிற்கிற நடுகல்லுக்கு வழி எழுதி அனுப்புகிறீர்கள். கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்க்கிற ஆசாமிகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கூகுளில் தேடினால் கிடைக்கிற இடத்தில் அந்த வழி கிடக்கக் கூடாது.

உறுப்பினர்கள் தங்களுக்குள் பேச ஆசைப்பட்டால் (கல்வெட்டில் ஒரு எழுத்தை எப்படிப் படிப்பது என்று நான்கு பேர் ஒரு வாரம் சண்டை போடுவது ஆரோக்கியமான விஷயம்தான்) இரண்டாவதாக ஒரு பேச்சுக் குழுமம் தொடங்குங்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் அதில் சேரட்டும். அறிவிப்பையும் அரட்டையையும் ஒரே குழுமத்தில் போட்டால், அரட்டை பிடிக்காதவர் விலகும்போது அறிவிப்பும் அவரைவிட்டுப் போய்விடும்.

இனி, திரும்பி வருகிற மெயில்கள். அவற்றை அழிக்காமல் திறந்து பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். 5.1.1 என்ற எண் இருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஜிமெயில், போட்டோ, டிரைவ் எல்லாம் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான், போட்டோ எடுக்கிறவர்களுக்கு அது சீக்கிரம் நிரம்பும். பெட்டி நிரம்பியவருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். முகவரியே இல்லை என்று வந்தால், உறுப்பினர் கையால் எழுதிக் கொடுத்த படிவத்தை எடுங்கள். முக்கால்வாசி அங்கேதான் தப்பு இருக்கும். கோடு போட்ட தாளில் அண்டர்ஸ்கோர் கோட்டோடு கலந்து மறைந்துவிடும். ஒன்று என்ற எண்ணும் ஆங்கில 'எல்' எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஓசூர்க் கம்பெனிகளில் இருப்பவர்களிடம் ஆபீஸ் மெயில் வாங்காதீர்கள். வேலை மாறினால் அதுவும் போச்சு. கல்லூரி மெயிலும் அப்படித்தான். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் விதி, 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பேரன் எப்போதோ தொடங்கிக் கொடுத்த முகவரி அப்படிப் போயிருக்கலாம்.

'வரவே இல்லை' என்பவர்களிடம் ஸ்பாமைப் பார்க்கச் சொல்லுங்கள். குழும முகவரியை அவர்கள் கான்டாக்ட்ஸில் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விலகும் வழி தெரியாமல் நம் மெயிலை 'ஸ்பாம்' என்று அமுக்கிவிடுகிற உறுப்பினர்களும் உண்டு. அது சேரச் சேர மற்றவர்களுக்கும் ஸ்பாமில் விழ ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் விலகும் வழியை ஒரு வரி எழுதுங்கள். போட்டோக்களை இணைக்காதீர்கள். ஒரு மெயிலில் 25 எம்பிதான் இணைக்க முடியும், தளி பக்கத்துச் சிக்னலில் அதைத் திறப்பதற்குள் விடிந்துவிடும். டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள்.

குழுமம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. 2000களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழில் எழுதுகிறவர்கள் யாகூ குழுமங்களில் கூடியது சிலருக்கு நினைவிருக்கும். 2019 டிசம்பர் 14க்குப் பிறகு யாகூ அங்கே இருந்த பதிவுகளை அழிக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15இல் குழுமச் சேவையையே மூடிவிட்டது. அதனால் உங்கள் மூலப் பட்டியல் ஒரு ஷீட்டில் இருக்கட்டும்: பெயர், ஊர், போன், மெயில், சேர்ந்த தேதி, மெயில் அனுப்பச் சம்மதமா. ஷீட்டில் சம்மதத்துக்கான இந்தக் கடைசி நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒப்புதல்தான் அடிப்படை. உறுப்பினர் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2004இல் மாவட்டம் பிரிந்த பிறகும் கிருஷ்ணகிரிக்காரரை 'தர்மபுரி மாவட்டம்' என்றே எழுதி வைத்திருக்கிற பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். வருடச் சந்தா வாங்கும்போதே எல்லா விவரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வாட்ஸாப்? பயண நாள் காலையில் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மற்றபடி எல்லோர் போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், பெண் உறுப்பினர்கள் தயங்குவது நியாயம்தான். அறிவிப்பும் 'காலை வணக்கம்' பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் பொதுக்குழு அறிவிப்புக்கு உங்கள் துணை விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தபாலில் என்று இருந்தால் தபாலில்தான். மெயில் கூடுதலாக இருக்கட்டும்.

130 பேரையும் ஒரேயடியாகக் குழுமத்தில் திணிக்காதீர்கள், கூகுள் சந்தேகப்படும். நாளுக்குக் கொஞ்சம் பேராக அழைப்பு அனுப்புங்கள். குழுமத்துக்கு இரண்டு ஓனர்கள் இருக்கட்டும். அப்புறம் ஒன்று: முதல் அறிவிப்பை அனுப்பிவிட்டு உங்கள் இன்பாக்ஸைப் பார்த்தால் அங்கே இருக்காது. குழுமத்துக்கு நாமே அனுப்பியதை ஜிமெயில் நமக்குத் திரும்பக் காட்டாது, அது 'சென்ட்' பெட்டியில் மட்டும்தான் இருக்கும். போகவில்லையோ என்று பதறி மறுபடி அனுப்பிவிடாதீர்கள்.